அப்பாவின் சிகிச்சைக்காகக் காட்பாடி மனையை விற்கலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து 34 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு 62 வயது. நாற்பது வருடம் தறியில் லுங்கி நெய்தவர். சாப்பாடு இறங்காமல், பதினோரு கிலோ எடை குறைந்து, கண் மஞ்சளாகிப் போன பிறகுதான் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலில் இரண்டு இடத்தில் பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடைபட்ட பித்தக்குழாயைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்து, மஞ்சள் இறங்கியதும் கீமோ தொடங்கியது. மூன்று செவ்வாய்க்கிழமை போவது, நான்காவது வாரம் ஓய்வு. "முதல்ல பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து அரை மணி நேரத்துல ஏறிடும். அப்புறம் தண்ணி மாதிரி இன்னொண்ணு" என்று எழுதியிருக்கிறார். இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. முடி கொட்டிவிட்டது. வலி குறைந்திருக்கிறது. நோயின் போக்கைக் காட்டும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனை எண் 1,840-லிருந்து 910-க்கு வந்திருக்கிறது. அடுத்த ஸ்கேன் மூன்றாவது சுற்று முடிந்ததும்.

இதற்கிடையில் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒரு வீடியோ அனுப்பினார். வேறு மாநிலத்துப் பெருநகரம் ஒன்றில் ஒரு தனியார் கிளினிக். ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்) எடுத்த எக்ஸோசோம் என்ற 'நானோ ஏவுகணை' புற்றுநோயை மட்டும் தேடிப் போய் மருந்தை இறக்குமாம். மூன்று தவணை, ஆறரை லட்சம். வாட்ஸ்அப்பில் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு "இவருக்கு நிச்சயம் ஏற்றது" என்றார்களாம். மாதக் கடைசிக்குள் கட்டினால் 50,000 ரூபாய் தள்ளுபடி. கீமோவை மூன்று வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். தம்பி 25,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டார். அப்பாவிடம் "கணையத்தில் புண்" என்று மட்டுமே சொல்லியிருப்பதால், ஒப்புதல் படிவத்தில் மகளே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். மீதிப் பணத்துக்கு ஒரே வழி, அம்மாவின் நகையைப் போட்டு வாங்கிய காட்பாடி மனை.

அவர் கேட்பவை: இது உண்மையான சிகிச்சையா? வேலூரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமே இருக்கும்போது இங்கே ஏன் தர மறுக்கிறார்கள்? அமெரிக்காவிலேயே செய்கிறார்கள் என்கிறார்களே? இரண்டாவது மகள் பிறந்தபோது பணம் கட்டிச் சேமித்து வைத்த தொப்புள்கொடி ரத்தம் உதவுமா? மனையை விற்கலாமா?

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி: "கால் மரத்துப் போகுதாம். தறிக்குழியில கால் வெச்ச மாதிரி சில்லுனு இருக்குன்றாரு. டாக்டர்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

அன்புள்ள சகோதரிக்கு,

மனையை விற்க வேண்டாம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாதக் கடைசி நெருங்குகிறது. செவ்வாய்க்கிழமைக் கீமோவையும் நிறுத்த வேண்டாம். ஏன் என்பதை இனி நிதானமாகப் பேசலாம்.

அந்த வெள்ளை மருந்து

கிளினிக்காரர்கள் "உங்கள் மருத்துவமனையில் பழைய கீமோதான் தருவார்கள், நானோ எங்களிடம்தான்" என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். நாப்-பாக்லிடாக்சல், ஜெம்சிட்டபின் என்று இரண்டு பெயர் இருக்கும். நீங்கள் பால் மாதிரி என்று சொன்னது முதல் மருந்து. அது வெள்ளையாக இருப்பதற்குக் காரணமே அது நானோ மருந்து என்பதுதான்.

பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க முன்பு ஒருவகை எண்ணெய்க் கரைப்பானைச் சேர்த்தார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுத்தது. பிறகு நம் ரத்தத்திலேயே இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, ஏறக்குறைய 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினார்கள். ஒரு தலைமுடியின் குறுக்களவு 80,000 நானோமீட்டர் பக்கம் வரும் என்றால் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பியில் பொடியாக வரும். நர்ஸ் அதில் சலைன் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார், குலுக்கினால் நுரைத்துவிடும். 2005-இல் மார்பகப் புற்றுநோய்க்கும், 2013-இல் கணையப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று இந்தியாவிலேயே தயாராகிறது.

ஆக, உங்கள் அப்பாவுக்கு இரண்டு மாதமாக நானோ மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் உலகம் முழுக்கச் சோதித்து, எவ்வளவு பலன், எவ்வளவு பாதிப்பு என்று எண் போட்டுச் சொல்லக்கூடிய நானோ மருந்து.

அந்த எண்ணைச் சொல்லத் தயங்கினேன். சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.7 மாதம். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.5 மாதம். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக இருந்தார்கள் என்று அர்த்தம். அப்பாவுக்கு வலி குறைந்து, ரத்த எண் பாதியாகியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆனாலும் இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனால்தான் உலகமே வேறு வழி தேடுகிறது, எக்ஸோசோமும் அந்தத் தேடலில் ஒன்று. உங்கள் தம்பி பார்த்த வீடியோவில் அறிவியல் பகுதி முழுப் பொய் இல்லை. சிக்கல் அங்கேதான்.

எக்ஸோசோம் என்பது

நம் உடம்பில் இருக்கும் ஏறக்குறைய எல்லா செல்களும் சின்னச் சின்னக் கொழுப்புப் பைகளை வெளியே விடுகின்றன. 30 முதல் 150 நானோமீட்டர் அளவு. 1980-களில் ஆட்டின் ரத்தச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் கண்டபோது, செல் தன் குப்பையை வெளியே கொட்டுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறகுதான் இது குப்பை இல்லை, ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் பார்சல் என்று தெரிந்தது. உள்ளே புரதம், ஆர்.என்.ஏ. எல்லாம் இருக்கும்.

அப்படியானால் அந்தப் பையில் நமக்கு வேண்டிய மருந்தை வைத்து அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி இவற்றிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் இதற்கு வசதி. ஆய்வகத்தில் நன்றாக வளரும், நிறையப் பைகளை விடும். காயமும் அழற்சியும் இருக்கும் இடத்தை நோக்கிப் போகும் குணமும் அவற்றுக்கு உண்டு. புற்றுநோய்க் கட்டி என்பது ஒருவகையில் ஆறாத காயம்தான். முழு செல்லையே ரத்தத்தில் செலுத்தினால் அது நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். பை சின்னது, மாட்டாது. சில ஆய்வகங்களில் ஸ்டெம் செல்லின் மேல்தோலை மட்டும் உரித்து, செயற்கை நானோ துகளுக்குச் சட்டை போல மாட்டிவிட்டும் பார்க்கிறார்கள்.

தயாரிப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஏவுகணை என்றெல்லாம் சொல்லத் தோன்றாது. பிளாஸ்டிக் குடுவையில் இளஞ்சிவப்புத் திரவம், அடியில் செல்கள். சில நாள் கழித்துத் திரவத்தை எடுத்து, புவியீர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில் மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம் தங்கும். லிட்டர் கணக்கில் திரவம் எடுத்தாலும் கிடைப்பது அவ்வளவுதான். அதற்குள் மின்னதிர்ச்சி கொடுத்தோ வேறு விதமாகவோ மருந்தை நுழைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். இன்று எடுத்த படலமும் அடுத்த மாதம் எடுக்கும் படலமும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி சொல்வதே பெரும்பாடு. இதையே தொழிலாகச் செய்ய முனைந்த கோடியாக் பயோசயன்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம், நோயாளிகளிடம் சோதனை வரை போய்விட்டு 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதன்பின் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. ஆனால் அது எவ்வளவு கடினமான வேலை என்று அதிலிருந்து தெரியும்.

'கட்டியை மட்டும் தேடிப் போகும்' என்ற பேச்சுக்கு வருவோம். குடியாத்தத்திலிருந்து ஆயிரம் லுங்கி பண்டலை லாரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் பாதியை இறக்கிவிட்டால்? ரத்தத்தில் போகும் நானோ துகள்களுக்குக் கல்லீரலும் மண்ணீரலும்தான் அந்த செக்போஸ்ட். பத்து வருடத்து விலங்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் ஒரு கணக்கு வந்தது. செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலையாக, 0.7 சதவீதம். ஆயிரம் பண்டலில் ஏழு. எக்ஸோசோமின் மேல் சி.டி.47 என்ற புரதம் இருப்பதால், "என்னைத் தின்னாதே" என்று சொல்லிக் கொஞ்சம் தப்பிக்கும் என்பது உண்மை. செக்போஸ்ட்டே இல்லாத பாதை என்பது உண்மை இல்லை.

அமெரிக்காவில் நடப்பது எது?

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், மீசன்கைமல் ஸ்டெம் செல்களிலிருந்து எடுத்த எக்ஸோசோமைப் பரவிய கணையப் புற்றுநோய்க்குத் தந்து பார்த்தார்கள். இதற்கு முன்னோடியாக 2017-இல் எலிகளில் செய்த ஆய்வு நம்பிக்கை தந்தது. ஹூஸ்டனில் நடந்தது முதல் கட்டச் சோதனை. முதல் கட்டம் என்றால், எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. குணமாகிறதா என்ற கேள்வி பிறகு வரும்.

முக்கியமான சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. அந்த எக்ஸோசோமுக்குள் வைத்தது கீமோ மருந்து இல்லை. கே-ராஸ் என்ற மரபணுவில் ஜி12டி என்ற ஒரு குறிப்பிட்ட பிழை இருந்தால், அதை மட்டும் வாயடைக்கும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. கணையப் புற்றுநோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கே-ராஸில் பிழை இருக்கும். ஆனால் ஜி12டி என்ற பிழை ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்குத்தான். அந்தப் பிழை இருந்தவர்களை மட்டுமே சோதனையில் சேர்த்தார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தக் கிளினிக் அப்பாவின் மரபணு ரிப்போர்ட்டைக் கேட்டதா? பயாப்சி பிளாக்கை, அதாவது கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்திருக்கும் துணுக்கை, அனுப்பச் சொன்னதா? உங்கள் கடிதப்படி, வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கேன் படம், அவ்வளவுதான். முகவரி எழுதாத பார்சலை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? பைக்குள் என்ன மருந்து வைக்கப் போகிறார்கள் என்று அவர்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை படித்தேன். மருந்தின் பெயரே அதில் இல்லை.

நான் இதை எழுதும் நாள் வரை, உலகில் எந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் புற்றுநோய்க்கு எக்ஸோசோம் சிகிச்சையை அனுமதித்ததாக இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் அனுமதியில்லாத எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்த பிறகு வந்த எச்சரிக்கை அது. "நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்தானே, பக்கவிளைவு எப்படி வரும்" என்று கேட்டிருந்தீர்கள். அடுத்தவர் செல்லிலிருந்து எடுத்து, சுழற்றி, அடைத்து, உறையவைத்து, விமானத்தில் வந்து, ரத்தக்குழாயில் ஏற்றுவது. வழியில் எங்கே கிருமி புகுந்தாலும் அது நேரே ரத்தத்துக்குப் போகிறது. கீமோவால் வெள்ளை அணுக்கள் குறைந்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. தவிர, மீசன்கைமல் செல்லின் பைகள் சில ஆய்வுகளில் கட்டி வளரவே உதவியிருக்கின்றன. காயம் ஆற்றுவது அவற்றின் சுபாவம். கட்டி எது, காயம் எது என்று அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

சில வருடம் முன்பு இதே போன்ற ஒரு ஊசி போட்டுக்கொண்டு, குளிரும் காய்ச்சலுமாக என்னிடம் வந்த ஒருவரைப் பார்த்தேன். எங்கே போட்டார்கள் என்பது இங்கே வேண்டாம். என்ன போட்டார்கள் என்று கேட்டுப் போன் செய்தால், "அது எங்கள் தனித் தயாரிப்பு" என்று பதில் வந்தது. எதற்கு எந்த ஆன்டிபயாட்டிக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய கீமோ ஆறு வாரம் தள்ளிப்போனது.

வேலூரில் ஏன் தருவதில்லை?

நம் ஊரில் சி.எம்.சி.யில் 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. "இவ்வளவு வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்களே" என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. அதற்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது. ஹீமோஃபீலியா என்ற ரத்தம் உறையாத நோய்க்கு, நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையை வேலூரில் செய்தார்கள். 2024 டிசம்பரில் அதன் முடிவு உலகின் முதல்தர மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்து. அடிக்கடி ரத்தக்கசிவால் அவதிப்பட்ட அந்த ஐவருக்கும் பிறகு கசிவே ஏற்படவில்லை என்று பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு முடிவு வந்தும், மறுநாளே வாசலில் பேனர் கட்டி வருகிறவர்களுக்கெல்லாம் விற்கவில்லை. தெரிந்த ஊர்க்காரர்கள் நிதானமாக நடக்கும்போது, எங்கோ ஒரு கிளினிக் தள்ளுபடி போட்டு விற்கிறது என்றால் யோசிக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி புடவைக்கு.

மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர்.-இன் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல் சார்ந்த வேறு எதையும் முறையான சோதனையாகத்தான் செய்யலாம். உங்கள் மகளின் தொப்புள்கொடி ரத்தம் பற்றி: அதில் இருப்பவை ரத்தம் உண்டாக்கும் செல்கள். அப்பாவின் கணையக் கட்டிக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. சொந்த உபயோகத்துக்கென்று அதைச் சேமிப்பதையே ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்பதில்லை. கட்டிய பணத்தைப் பற்றி இப்போது வருந்தி என்ன. வருடச் சந்தா கேட்டு அடுத்த முறை போன் வந்தால் யோசித்துச் சொல்லுங்கள்.

கையெழுத்தும் சட்டமும்

சுயநினைவோடு, பேசிக்கொண்டு, தன் பீடியைத் தானே நிறுத்திய ஒரு மனிதருக்காக மகள் ஒப்புதல் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் அது கிளினிக்காரர்களைக் காப்பாற்றும் தாள், அப்பாவைக் காப்பாற்றும் தாள் அல்ல. அனுப்பாதீர்கள்.

கிளினிக் இதைச் 'சோதனை' என்று சொன்னால், 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் பொருந்தும். அதன்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் எண் வேண்டும், சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஆய்வுக்கான செலவை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. ஆறரை லட்சம் கேட்டால் அது சோதனை இல்லை. சரி, 'சிகிச்சை' என்று சொன்னால்? அப்போது அனுமதி பெற்ற மருந்தாக இருக்க வேண்டும், அது இல்லை. இரண்டில் எது என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராது என்று நினைக்கிறேன், வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அவர்கள் காட்டிய ஜி.எம்.பி. சான்றிதழ், தயாரிக்கும் இடம் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு. சமையலறை சுத்தம் என்பதால் பத்தியச் சாப்பாடு என்று ஆகிவிடுமா? அதேபோல, பதிவேட்டு எண் இருந்தாலே அரசு அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு வேறு, அனுமதி வேறு.

முன்பணம் 25,000: திருப்பித் தரக் கேட்டுத் தம்பியின் பெயரில் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கிளினிக் எந்த மாநிலத்தில் இருந்தாலும் புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரையான தொகைக்குக் கட்டணம் இல்லை. புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருட மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் அந்த ஒரு வரிக்கே பணம் திரும்பி வந்துவிடும்.

தம்பியோடு சண்டை வேண்டாம். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றிருக்கும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள், கீழே இருக்கிறது.

பணமும் நேரமும் எதற்கு?

முதல் வேலை, மரபணுப் பரிசோதனை. கணையப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் பி.ஆர்.சி.ஏ. போன்ற பரம்பரை மரபணுக்களைப் பார்ப்பது இப்போது பரிந்துரை. ரத்தம் கொடுத்தால் போதும். அதில் பிழை இருந்தால் பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துகள் நன்றாக வேலை செய்யும், பிறகு ஓலபாரிப் என்ற மாத்திரையும் சிலருக்குப் பயன்படும். பிழை இருந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கூடவே பயாப்சி பிளாக்கில் கே-ராஸ் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நாளை உண்மையான சோதனை ஒன்று வந்தால் அந்த ரிப்போர்ட்தான் நுழைவுச்சீட்டு. சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் கணையப் புற்றுநோய் என்று தேடி, எங்கெங்கே சோதனை நடக்கிறது என்று பட்டியல் எடுப்பது தம்பியின் வேலை.

இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை, உங்கள் டாக்டர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த மருந்து அதில் வரும் என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்டரிலேயே கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்று: "மலம் எண்ணெய் மாதிரி மிதக்குது." கணையம் செரிமான நீரைச் சரியாக விடவில்லை என்று அர்த்தம். எவ்வளவு ஊட்டம் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாமல் போவது இதனால்தான். இதற்கு என்சைம் கேப்ஸ்யூல் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டின் முதல் கவளத்தோடு கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்துப் பலனில்லை. ஆறரை லட்சத்து ஏவுகணையைவிட இது அப்பாவின் எடைக்கு அதிகம் செய்யும். வலி திரும்பினால் மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள். வலிநிவாரணப் பிரிவை இப்போதே ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. அங்கே போவது கைவிட்டதாக அர்த்தம் ஆகாது.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு வந்தால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கீமோவில் இருக்கிறார், ஸ்டென்ட்டும் இருக்கிறது. குளிரும் மஞ்சளும் சேர்ந்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். இரவானாலும் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்பாவிடம் சொல்வது

அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை தோறும் முடி கொட்டிய இருபது பேரோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் "உங்களுக்கு எங்கே?" என்று கேட்காமலா இருந்திருப்பார்? அவர் உங்களுக்காகத் தெரியாதது போல இருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "அப்பா, டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். மனையை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர்களில் அவரும் ஒருவர், அம்மாவும் ஒருவர்.

கால் மரத்துப் போவதை மறைக்கச் சொன்னார் அல்லவா? சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அது அந்த வெள்ளை மருந்தின் பக்கவிளைவு, நரம்பைத் தொடுவது. இப்போது சொன்னால் அளவைக் குறைத்தோ ஒரு வாரம் தள்ளியோ சரிசெய்வார்கள். முற்றிய பிறகு சொன்னால்தான் நிறுத்த வேண்டிவரும், மரமரப்பும் நெடுநாள் நிற்கும். வருகிற செவ்வாய்க்கிழமை டிரிப் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், தறிக்குழி என்று அவர் சொன்ன அதே வார்த்தையில்.